கருப்பட்டி கையைக் கண்டாலே சீறுகிறது, என்ன செய்யலாம்?

பனங்காட்டான், கொழிஞ்சாம்பாறை (பிப்ரவரி 2)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளாதான் என்றாலும் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான் பேச்சு, அதனால் தமிழிலேயே கேட்கிறேன்.

என் அத்தை மகன் நான்கு வருடமாக ஒரு பால் பைத்தான் (ball python என்ற சிறிய மலைப்பாம்பு) வளர்த்தான். டிசம்பரில் அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. போகும்போது பாம்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். பெண் பாம்பு, மூன்றரை அடி நீளம். வந்த அன்று நிறுத்தபோது 1,350 கிராம். கருப்பும் பழுப்புமாகப் பனங்கருப்பட்டி நிறத்தில் இருப்பதால் பெயர் கருப்பட்டி. அயல்நாட்டு விலங்குகளைப் பதியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அவன் பெயரில் பதிவு இருக்கிறது, என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன்.

அவனிடம் இருந்தபோது நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தோளில் போட்டுக்கொண்டு டீ குடிப்பான், அதுவும் பேசாமல் கிடக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த ஏழு வாரத்தில் அது வேறு பாம்பு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடித் தொட்டியின் மூடியை நகர்த்தினாலே சீறுகிறது. கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என் கையையே பார்க்கிறது. போன வாரம் ராத்திரி எட்டு மணி இருக்கும், தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க மேலிருந்து கையை விட்டேன். அது அடித்ததை நான் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் அடியில் ஏதோ தட்டியது போல இருந்தது, கையை வெளியே எடுத்த பிறகுதான் வளைவாக வரிசையாய்ப் புள்ளி புள்ளியாக ரத்தம் தெரிந்தது. விஷமில்லாத பாம்பு என்று தெரியும், வலியும் பெரிதாக இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கே கை நடுங்குகிறது. இப்போது லேத் பட்டறையில் போடும் தோல் கையுறையை மாட்டிக்கொண்டுதான் எடுக்கிறேன். எடுத்தால் உடனே தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடுகிறது. அப்படியே அரைமணி நேரம் இருந்தாலும் அவிழ்வதில்லை.

எப்படி வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மேலே வலை மூடி. இடம் முன்கூடம், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். அடியில் ஒரு பக்கம் ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு), அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 32 டிகிரியில். உள்ளே இரண்டு பக்கமும் திறந்த ஒரு பெரிய மரக்குடைவு, கிண்ணம், தரைக்குச் செய்தித்தாள். இரை கொடுக்க வேறு டப்பாவுக்கு மாற்றி, உறைந்த எலியை இளக்கிக் கொடுக்கிறேன். ஏழு வாரத்தில் இரண்டு முறைதான் தின்றது. வந்த இரண்டாம் நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வெளியே எடுத்தேன். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள், குழந்தைகளும் தொட்டுப் பார்த்தார்கள். போன மாதக் கடைசியில் சட்டை உரித்தது, துண்டு துண்டாக வந்தது, வால் நுனியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

எங்கள் அம்மிச்சிக்கு (பாட்டிக்கு) இது பால் பைத்தான் என்ற பெயரைக் கேட்டதும் பால் குடிக்கிற பாம்பு என்றே எண்ணம். பந்து போல் சுருள்வதால் வந்த பெயர் என்று சொல்லிப் பார்த்தேன். இருந்தும் ஆயில்யத்தன்று ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து தொட்டி முன்னால் வைத்தார். "இது உன்னிடம் மனசு வராமல் இருக்குது, காவில் விட்டுவிடு" என்கிறார். காவு என்றால் நாகத்தைக் கும்பிடும் தோப்பு. விட முடியாது, விடவும் மாட்டேன். ஆனால் அது என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பதை தினமும் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

வாளையார்ப் பாலம் (பிப்ரவரி 2)

நண்பா, நான் வைத்திருப்பது கார்ன் ஸ்னேக், அதுவும் விஷமில்லாத அயல்நாட்டுப் பாம்புதான். குட்டியில் இதைவிட மோசமாக அடிக்கும், கையில் எடுத்தால் பின்னாலிருந்து நாற்றமடிக்கும் ஒன்றைப் பீய்ச்சும். தினமும் விடாமல் எடுத்தேன், ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. கையுறையோடு தினமும் எடுங்கள், அடிக்கிறது என்று கீழே வைக்காதீர்கள். வைத்தால், அடித்தால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும்.

நார்த்தொட்டி, கோபாலபுரம் (பிப்ரவரி 3)

தம்பி, உங்கள் பதிவை நேற்று ராத்திரி இரண்டு முறை படித்தேன். நான் கோபாலபுரத்தில் ஒரு தேங்காய்நார்க் களத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது வருடமாக இரண்டு பால் பைத்தான் வளர்க்கிறேன். 2020இல் அயல்நாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாங்களாகவே தெரிவிக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தபோதே இரண்டையும் பதிந்துவிட்டேன். முதல் பாம்பை நானும் இதே மாதிரி பயமுறுத்தித்தான் வைத்திருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாளையார்த் தம்பி சொன்னது கார்ன் ஸ்னேக்குக்கு ஓரளவு நடக்கலாம். அது ஓடித் திரியும் ஜாதி. பால் பைத்தான் அப்படி இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பகலெல்லாம் கிடக்கும் பாம்பு அது. நம் ஊரில் புற்றுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறோம் அல்லவா, இது நிஜமாகவே அந்த மாதிரிப் புற்றில் குடியிருக்கும் ஜீவன். இறுக்கமான இருட்டு அதற்கு வீடு. உங்கள் கூடத்தில் நாலு பக்கமும் கண்ணாடி, பக்கத்தில் டிவி, ஒளிய இருப்பது இரண்டு பக்கமும் திறந்த ஒரு மரத்துண்டு. அதன் கணக்கில் அது ஏழு வாரமாக வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது. பந்தாகச் சுருண்டு அரைமணி நேரம் அவிழாமல் இருந்தது என்றால் அது பழகுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பிக்க வேறு வழி இல்லை என்று தலையை நடுவில் வைத்துக் காத்துக்கொண்டு கிடக்கிறது.

இன்னொன்று, இதை எல்லோரும் தவறவிடுகிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் பக்கம் அடிக்கிற கிழக்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம், அந்த வாசல் வழியாக வரும் வறண்ட காற்று முதலில் உங்கள் ஊர்ப் பனைகளின் மேல்தான் விழுகிறது. உதடு வெடிக்கிறது, பூசிய எண்ணெய் உடனே காய்கிறது, அந்தக் காற்றுதான். இந்தப் பாம்புக்கு 55 முதல் 65 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். போன மார்கழியில் என் வீட்டு ஈரப்பதமானி 38 காட்டியது, கூடத்து ஜன்னல் திறந்திருந்தபோது இன்னும் கீழே போனது. வலை மூடி, செய்தித்தாள் தரை, அடியில் ஹீட் மேட், மூன்றும் சேர்ந்தால் தொட்டி அப்பளம் காயப்போட்ட மாடி மாதிரி ஆகிவிடும். சட்டை துண்டு துண்டாக வந்தது அதனால்தான். பழைய தோல் ஒட்டிக்கொண்டிருக்கும் பாம்புக்கு உடம்பு முழுக்க இழுப்பாக இருக்கும், கண் மேல் உள்ள மெல்லிய செதிலும் உரியாமல் நின்றிருந்தால் பார்வையும் மங்கும். பார்வை மங்கிய பாம்பின் தலைக்கு மேலே ஒரு நிழல் இறங்கினால் அது வேறு என்ன செய்யும்? டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கண் பளபளப்பாக இல்லாமல் சுருக்கம் விழுந்தது போல இருந்தால் செதில் நிற்கிறது. கையால் உரிக்கவே கூடாது, கண்ணே போய்விடும். ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அதனால் முதல் வேலை கையை எடுப்பது. பாம்பிடமிருந்து உங்கள் கையை. பத்து நாள் தண்ணீர் மாற்றுவது, கழிவு எடுப்பது தவிர உள்ளே கை போகவே வேண்டாம். அந்தப் பத்து நாளில் தொட்டியைச் சரி செய்யுங்கள்.

கூடத்திலிருந்து எடுத்து நடமாட்டம் இல்லாத உள் அறையில் வையுங்கள். மூன்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே கருப்புக் காகிதம் ஒட்டுங்கள். மேலே வலையில் முக்கால்வாசியை மூடுங்கள், காற்றுக்குக் கால்வாசி போதும். செய்தித்தாளை எடுத்துவிட்டுத் தேங்காய்நார்ப் பித்தை (நார் பிரித்த பிறகு மிஞ்சும் தூளை) மூன்று அங்குலம் பரப்புங்கள். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் களத்திலிருந்து அப்படியே அள்ளி வராதீர்கள், பச்சைப் பித்தில் உப்பு இருக்கும். நாங்கள் ஏற்றுமதிக்குக் கழுவி உப்பு இறக்கிய பித்து என்று தனியாக வைப்போம், அதைக் கேட்டு வாங்குங்கள். கையில் பிடித்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது, அந்தப் பதம். மேல்மண் காய்ந்து அடி ஈரமாக இருந்தால் சரியான அளவு. மேலும் ஈரமாக்கினால் வயிற்றுச் செதில் புண்ணாகும்.

ஒளிய இரண்டு இடம் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருந்தால், சூடு வேண்டுமா பாதுகாப்பு வேண்டுமா என்று தினமும் அது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். பெரிதாக இருக்கக்கூடாது. அது சுருண்டு உட்கார்ந்தால் முதுகும் பக்கமும் சுவரில் உரச வேண்டும். நான் வைத்திருப்பது பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு, கவிழ்த்து, விளிம்பில் ஒரு வாசல் உடைத்து, கூர்மை போகத் தேய்த்தது. முப்பது ரூபாய். சூடான பக்கம் தரையில் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. அளப்பது தெர்மோஸ்டாட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி அல்ல, பாம்பு படுக்கும் இடத்தில் வெப்பமானியின் கம்பியை வைத்து. ஏப்ரலில் நம் பக்கம் 40 தாண்டும்போது சூட்டை மொத்தமாக அணைக்க வேண்டியிருக்கும், அதையும் இப்போதே நினைவில் வையுங்கள்.

டிவியைப் பற்றி ஒரு வார்த்தை. பாம்புக்குக் காது மடல் இல்லை, அதனால் கேட்காது என்று சொல்வார்கள். ஆனால் தரையில் பதிந்த தாடை எலும்பு வழியாக அதிர்வு உள்காதுக்குப் போகிறது. பால் பைத்தான் 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வை நன்றாக உணர்கிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆண் குரலின் அடிநாதம், ஸ்பீக்கரின் தடதடப்பு எல்லாம் அந்த அளவில்தான் வரும். என் அக்கா வீடு நெம்மாறையில். ஒருமுறை வெளியூர் போக வேண்டியிருந்ததால் இரண்டு பாம்பையும் அங்கே விட்டுவிட்டுப் போனேன். அங்கே வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழா நாள் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெடிக்கெட்டு (வாணவேடிக்கை) முடிந்து காலையில் போனபோது பெரியது கிண்ணத்துக்குப் பின்னால் பந்தாக இறுகிக் கிடந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரை விஷயம். வேறு டப்பாவுக்கு மாற்றிக் கொடுப்பதை நிறுத்துங்கள். தொட்டியிலேயே கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகும் என்பது பழைய நம்பிக்கை. வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கித் திரும்ப வைப்பதுதான் அதற்குப் பெரிய தொல்லை, சில நேரம் கக்கிவிடும். எலியை வெந்நீரில் பையோடு வைத்து உடல்சூடு வரும்வரை சூடாக்கி, நீளமான இடுக்கியில், விளக்கணைத்த பிறகு ஒளியிடத்தின் வாசலில் காட்டுங்கள். தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், அன்றைக்கு மறுபடி முயற்சி வேண்டாம். தின்றால் இரண்டு முழு நாள் தொடாதீர்கள். குளிர்காலத்தில் இந்த ஜாதி மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது வழக்கம்தான், ஆனாலும் வாராவாரம் நிறுத்து எழுதுங்கள். 1,350 என்றீர்கள், பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு முறை ஒழுங்காகத் தின்னும்வரை கையில் எடுக்கும் பேச்சே வேண்டாம்.

இனி எடுப்பது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் நாய், கோழி இருந்தால் அந்த வாசம், எலி இளக்கிய வாசம், எல்லாம் அதற்கு நாக்கில் தெரியும். மேலுதட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன பாருங்கள், அவை சூட்டைப் பார்க்கும் குழிகள். இருட்டில் உங்கள் கை அதற்கு ஒரு சூடான உருண்டை. எலி வாசத்தோடு அந்த உருண்டை முகத்துக்கு நேராக வந்தால் இரை, மேலிருந்து வந்தால் பருந்து. ராத்திரி எட்டு மணி அது இரை தேடும் நேரமும்கூட. அன்று அடித்தது எந்தக் காரணம் என்று அதற்கே தெரிந்திருக்காது.

எனவே பக்கவாட்டில் வாருங்கள். கைக்கு முன்னால் வேறொன்று தொட வேண்டும். நான் ஒரு நாளிதழைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன், சிலர் கொக்கி வைத்திருப்பார்கள். அதை வைத்து உடம்பின் நடுப்பகுதியை மெதுவாக ஒரு தடவு. அடிப்பது இல்லை, தட்டுவதும் இல்லை, தடவுவது. ஒவ்வொரு முறையும் அதே காகிதம், அதே இடம். இரை கொடுக்கும்போது அந்தக் காகிதம் வரவே கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் காகிதம் பட்டதும் கழுத்து வளைவு தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள். இப்போது வருவது எலி இல்லை என்று அது தெரிந்துகொள்கிறது.

அதன் பிறகு ஒரு கை நடு உடம்புக்கு அடியில், இன்னொரு கை வால் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு. தயங்கித் தயங்கி நீட்டிப் பின்வாங்காதீர்கள், அந்த ஆட்டம்தான் அடிக்க வைக்கும். முடிவு செய்துவிட்டால் மெதுவாக, நிற்காமல், ஒரே போக்கில். தலையைத் தொடாதீர்கள், கழுத்தைப் பிடிக்காதீர்கள். சென்னைக்குப் பக்கம் வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். 1978இல் தொடங்கிய சங்கம் அது. அங்கே நான் பார்த்துக்கொண்டே இருந்தது அவர்கள் விரல்களைத்தான். விஷப்பாம்பு என்றாலும் இறுக்கிப் பிடிப்பது அந்த ஒரு நொடி மட்டும், மற்ற நேரமெல்லாம் பாம்பு போகிற போக்குக்குக் கையும் கூடவே போனது. அவர்கள் செய்வதை நாம் செய்யக்கூடாது, அது தலைமுறை தலைமுறையாக வந்த வித்தை. ஆனால் கை இறுகாமல் இருப்பதை நாமும் பழகலாம்.

தோல் கையுறை வேண்டாம் தம்பி. அதைப் போட்டால் பாம்பின் தசை இறுகுவதும் தளர்வதும் உங்களுக்குத் தெரியாது. பயமாக இருந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள், போதும்.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளுங்கள், விழுந்தாலும் அடிபடாது. பந்தாக இருந்தால் பந்தாகவே மடியில் வையுங்கள். அவிழ்க்க முயற்சிக்காதீர்கள். கையை அடியில் தட்டு மாதிரி வைத்துக்கொண்டு வேறெங்காவது பாருங்கள். நாலு நிமிடம், ஐந்து நிமிடம். அவிழ்ந்தாலும் அவிழாவிட்டாலும் ஒளியிடத்தின் வாசலில் வைத்துவிடுங்கள், அதுவாக உள்ளே போகட்டும். வாரத்தில் இரண்டு முறை இதுவே போதும். ஒரு மாதத்துக்குப் பிறகு பத்து நிமிடம். அடித்தால் கையை உதறாதீர்கள், அதன் பல் உள்நோக்கி வளைந்தது, உதறினால் உங்களுக்குக் கிழியும், அதற்குப் பல் உடையும். கவ்விக்கொண்டால் பச்சைத் தண்ணீரை வாயோரம் ஊற்றினால் விட்டுவிடும். அடித்த பிறகு கோபமாகப் பிடித்துவைத்துப் பாடம் கற்பிக்க நினைக்காதீர்கள், ஓரிரு மூச்சு அசையாமல் இருந்துவிட்டு மெதுவாக முடித்துக்கொள்ளுங்கள். இதில் வாளையார்த் தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயத்தில் இருக்கும் ஜீவனை அது ஓயும்வரை பிடித்துவைத்தால் ஓய்ந்து போவது பயம் இல்லை, தெம்புதான்.

சட்டை உரிக்கப் போகும்போது கண் நீலம் பூக்கும். அந்த நாட்களிலும், உரித்து முடிக்கும்வரையிலும் தொட வேண்டாம்.

அம்மிச்சியிடம் சொல்லுங்கள், பாம்புக்குப் பால் ஆகாது, செரிக்காது. ஆயில்யத்துக்குக் காவில் மஞ்சள் வைக்கட்டும், வீட்டில் இதற்குச் சுத்தமான தண்ணீர் மாற்றிவைக்கச் சொல்லுங்கள். அதை அவர் பொறுப்பாக எடுத்துக்கொள்வார்.

வாளையார்ப் பாலம் (பிப்ரவரி 3)

அக்கா, சரி. என்னுடையது முதல் மூன்று மாதம் ஒழுங்காகத் தின்னவே இல்லை, நான் அதை எடுப்பதோடு சேர்த்து யோசித்ததே இல்லை. இன்று தொட்டியில் இரண்டாவது ஒளியிடம் வைத்தேன், ஒரு மணி நேரத்தில் உள்ளே போய்விட்டது.

சர்ப்பா தன்னார்வலர், பாலக்காடு (பிப்ரவரி 4)

கேரள வனத்துறையின் சர்ப்பா செயலி மூலம் அழைப்பு வந்தால் போய்ப் பாம்பு மீட்பவர்களில் நானும் ஒருவன். அக்கா சொன்னதற்கு மேல் கையாள்வது பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாதுகாப்புக்காக மட்டும் சில வார்த்தைகள்.

மூடிக்குப் பூட்டு போடுங்கள். செங்கல் வைப்பது போதாது, இந்த எடைப் பாம்பு மூடியை முதுகால் நெம்பிவிடும். அதைவிட முக்கியமானது: என்றைக்காவது தொட்டி காலியாக இருந்து, வீட்டு மூலையில் பழுப்பு நிறத்தில் புள்ளி போட்ட தடித்த பாம்பு தெரிந்தால், கருப்பட்டி என்று நினைத்துக் கை வைத்துவிடாதீர்கள். கண்ணாடி விரியனை, மலையாளத்தில் அணலி என்கிறார்களே அதை, மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தொட்டவர்கள் உண்டு. உங்கள் பக்கத் தென்னந்தோப்புகளில் அது சாதாரணம். இரண்டும் சீறும், இரண்டும் தடிமன். பாம்போடு பழகிவிட்ட கைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். சந்தேகம் என்றால் அறையைச் சாத்திவிட்டு, கதவடியில் துணி அடைத்துவிட்டு, செயலியில் கூப்பிடுங்கள், இலவசம்தான். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு.

காவில் விடுவது பற்றி அம்மிச்சி சொன்னதையும் படித்தேன். அயல்நாட்டுப் பாம்பை வெளியில் விட்டால் அது பிழைப்பது நிச்சயமில்லை, அதன் நோய் நம் ஊர்ப் பாம்புகளுக்கும் தொற்றலாம். நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பதும் 1972ஆம் வருட வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். பெயர் மாற்றும் விண்ணப்பத்தின் நகலை வீட்டில் எடுத்துவையுங்கள், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளுக்குப் பிறகு அதைக் கேட்கிறார்கள். குழந்தைகள் தொட்டால் உடனே சோப்பில் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா இருக்கும், பார்த்தால் தெரியாது.

பனங்காட்டான் (மார்ச் 15)

அக்கா, ஆறு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் எழுதிய அன்றே நிறுத்துப் பார்த்தேன், 1,240 இருந்தது. பயந்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்ததில் இடது கண்ணில் சுருக்கம் தெரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு கால்நடை மருத்துவர் பார்த்தார், ஈரத்துணிப் பெட்டியில் வைத்துவிட்டு ஏதோ மருந்து நீர் தடவி ஈரப் பஞ்சால் எடுத்தார், பழைய செதில் இரண்டு அடுக்கு இருந்தது. வால் நுனியும் கழன்றுவிட்டது. அன்று வரும் வழியெல்லாம் பைக்குள் அது அசைவதை மடியில் உணர்ந்துகொண்டே வந்தேன். ஒரு கண் தெரியாமல் இருந்த பாம்பை நான் பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோர் கையிலும் கொடுத்திருக்கிறேன்.

தொட்டி இப்போது நெல் மூட்டை வைக்கும் உள் அறையில். கழுவிய பித்து எங்கள் தெரு முனைக் களத்திலேயே கிடைத்தது. ஈரப்பதம் 58, 60 என்று நிற்கிறது. மண்தட்டு இரண்டு கவிழ்த்தேன். முதல் நாலு நாள் அதன் முகத்தையே பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி வாசல் வழியாக மூக்கு மட்டும் தெரிந்தது. பிப்ரவரி 16 ஒரு எலி, 27 ஒரு எலி, இரண்டும் தொட்டியிலேயே.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காகிதத்தால் தடவிவிட்டு எடுத்தேன். கையுறை இல்லை. நீங்கள் சொன்னது சரி அக்கா, கையுறை இல்லாமல்தான் தெரிகிறது. உடம்பு கல் மாதிரி இருந்தது, உள்ளே தோலுக்கடியில் ஏதோ இறுகி இறுகி விட்டது. பந்தாகவே மடியில் வைத்தேன். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் கழித்துத் தொடையில் பாரம் மாறியது, ஒரு சுருள் தளர்ந்தால் எப்படிச் சரியுமோ அப்படி. பார்க்கக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. இரண்டு சுருளுக்கு நடுவே மூக்கு நுனி, அப்புறம் உதட்டுக் குழிகள், அப்புறம் நாக்கு. நாக்கு முதலில் பாதி வந்து உள்ளே போயிற்று. இரண்டாவது முறை முழுவதும் வந்து, நின்று, மேலும் கீழும் ஆடி, என் மணிக்கட்டில் பட்டது. ஈரம்கூட இல்லை, நூல் தொட்ட மாதிரி. தலை இன்னும் முழுதாக வெளியே வரவில்லை, ஐந்து நிமிடம் ஆகிவிட்டது, அப்படியே எடுத்து வாசலில் வைத்தேன். உள்ளே போக அவசரப்படவில்லை. வாலை இழுத்துக்கொள்ள அதற்கு ஒரு நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகு மூன்று முறை எடுத்தேன். ஒரு முறை சீறியது, மூடியை மூடிவிட்டு அடுத்த நாள் பார்த்துக்கொண்டேன். எடை 1,290. தண்ணீர்க் கிண்ணம் அம்மிச்சியின் பொறுப்பில்தான் இருக்கிறது. தினமும் காலையில் கழுவி வைக்கிறார், நான் மறந்தால் திட்டுகிறார்.

ஒரே ஒரு சந்தேகம். ஏப்ரல் முதல் வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. கோயில் எங்கள் வீட்டிலிருந்து நூறு அடி. மூன்று நாள் செண்டை மேளம், கடைசி ராத்திரி வெடி. என்ன செய்வது?

நார்த்தொட்டி (மார்ச் 15)

தம்பி, படித்ததும் கண் நிறைந்துவிட்டது. நோம்பிக்கு ஒரு வாரம் முன்னதாக இரை கொடுத்துவிடுங்கள், வயிற்றில் எலியோடு வெடிச் சத்தம் வேண்டாம். கோயிலிலிருந்து தூரத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் நான்கு நாளைக்குத் தொட்டியோடு அங்கே மாற்றுங்கள். பாம்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், அதன் மண்தட்டும் பித்தும் கூடவே போகட்டும். அப்படி வீடு இல்லை என்றால் தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள், பழைய மெத்தையை இரண்டாக மடித்து அதன்மேல் அசையாத பலகை போட்டு வையுங்கள், அதிர்வு குறையும். சுவரில் தொட்டி படக்கூடாது. அந்த மூன்று நாளும் திறக்காதீர்கள். எங்கள் வீடு ஊருக்கு வெளியே தோப்புக்குள் இருக்கிறது, உங்களிடமிருந்து ரொம்ப தூரமும் இல்லை. வேறு இடம் அமையாவிட்டால் கருப்பட்டியை இங்கே கொண்டு வந்துவிடுங்கள், என் இரண்டும் இருக்கும் அறையில் வைக்காமல் தனி அறை ஒதுக்கித் தருகிறேன்.